வாட்டர்லூ போர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவின் போர்களைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் வாட்டர்லூவில்தான் வந்து நிற்கிறது. நெப்போலியனின் கடைசிப் போர், 1815 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை. ஒரே பகலில் முடிந்த சண்டை. ஆனால் அதைப் பற்றிய சந்தேகங்கள் மட்டும் இன்னும் தீர்ந்தபாடில்லை. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

1. வாட்டர்லூங்கிறது லண்டன்ல இருக்கிற ரயில்வே ஸ்டேஷன்தானே? அங்கேயா சண்டை நடந்துச்சு?

இல்லை. வாட்டர்லூ இன்றைய பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸ் நகரத்துக்குத் தெற்கே இருக்கிற ஊர். போரின் நினைவாக 1817இல் லண்டனில் தேம்ஸ் பாலம் ஒன்றுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அந்தப் பாலத்தை ஒட்டி 1848இல் திறந்த ஸ்டேஷனுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால், சண்டை வாட்டர்லூ ஊருக்குள் நடக்கவே இல்லை. நடந்த இடம் அதற்குச் சில கிலோமீட்டர் தெற்கே, மோன் சான் ஜான் என்ற சிற்றூரை ஒட்டிய வயல்வெளி. பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் தங்கியிருந்தது வாட்டர்லூவில். வெற்றிச் செய்திக் கடிதம் அந்த ஊர்ப் பெயரோடு லண்டனுக்குப் போனது, பெயரும் நிலைத்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் நெடுநாள் மோன் சான் ஜான் போர் என்றே சொல்லிவந்தார்கள். வெலிங்டனோடு சேர்ந்து நெப்போலியனை எதிர்த்த பிரஷ்யத் (பிரஷ்யா அன்றைய ஜெர்மானிய வல்லரசு) தளபதி புளூகர், களத்தின் நடுவே இருந்த லா பெல் அலியான்ஸ் என்ற சத்திரத்தின் பெயரை வைக்க விரும்பினார்.

2. இது இங்கிலாந்துக்கும் ஃபிரான்ஸுக்கும் நடந்த சண்டைதானே?

பள்ளிப் புத்தகம் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறது. கணக்கு வேறு. வெலிங்டனிடம் அன்று சுமார் 68,000 பேர். அதில் பிரிட்டிஷ்காரர்கள் ஏறக்குறைய 25,000தான். டச்சு, பெல்ஜியப் படையினர் சுமார் 17,000. மீதிப் பேர் ஹானோவர், பிரன்ஸ்விக், நாசாவ் போன்ற ஜெர்மானியச் சிற்றரசுகளின் ஆட்களும், பிரிட்டிஷ் சம்பளத்தில் இருந்த ‘மன்னரின் ஜெர்மன் படை’ என்ற பிரிவும்.

மாலைக்குள் புளூகரின் பிரஷ்யர்கள் சுமார் 50,000 பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்களையும் சேர்த்தால், நெப்போலியனை எதிர்த்து நின்றவர்களில் பெரும்பாலோர் ஜெர்மன் பேசியவர்கள். எதிரே நெப்போலியனிடம் சுமார் 73,000 பேர், 250ஐ ஒட்டிய பீரங்கிகள். வெலிங்டனிடம் பீரங்கி 150க்குச் சற்று அதிகம்.

3. எல்பா தீவுல இருந்து தப்பி வந்தவர் சும்மா ஆட்சி பண்ணியிருக்கலாமே? ஏன் உடனே சண்டைக்குப் போனார்?

விட்டால்தானே. 1814இல் பதவியிழந்து எல்பாவுக்கு அனுப்பப்பட்டவர், 1815 பிப்ரவரி 26 அன்று அங்கிருந்து கிளம்பினார், மார்ச் 1இல் தென்பிரான்ஸில் கரையேறினார், மார்ச் 20இல் பாரிஸ் வந்து சேர்ந்தார். அவர் பாரிஸைத் தொடுவதற்கு முன்பே, மார்ச் 13 அன்று வியன்னாவில் கூடியிருந்த வல்லரசுகள் அவரைச் சட்டத்துக்குப் புறம்பானவர் என்று அறிவித்துவிட்டன. அதே மாதம் 25ஆம் தேதி பிரிட்டன், ஆஸ்திரியா, ரஷ்யா, பிரஷ்யா நான்கும் தலைக்கு 1,50,000 பேரைக் களமிறக்க ஒப்பந்தம் போட்டன.

எல்லோரும் கூடி வருவதற்குள் தனித்தனியாக அடித்துவிட வேண்டும் என்பதுதான் அவர் போட்ட கணக்கு. ஆஸ்திரியர்களும் ரஷ்யர்களும் தொலைவில் இருந்தார்கள். பக்கத்தில், பெல்ஜியத்தில், இருந்தவர்கள் வெலிங்டனும் புளூகரும். இந்த இரண்டு படைக்கும் நடுவில் ஆப்பு அடிப்பதுபோல் புகுந்து ஒன்றை முடித்து, பிறகு மற்றதைக் கவனிப்பது என்று முடிவு. திட்டத்தில் பிழை இல்லை. ஜூன் 15 விடியலில் ஷார்ல்ருவா ஊரில் சாம்ப்ர் ஆற்றைக் கடந்தபோது எதிராளிகள் இருவருமே ஆயத்தமாக இல்லை.

4. 18ஆம் தேதி ஒருநாள் சண்டைதானே, 16ஆம் தேதியைப் பத்தி ஏன் எல்லாரும் பேசுறாங்க?

18ஆம் தேதியின் முடிவு 16ஆம் தேதி இரவே பாதி எழுதப்பட்டுவிட்டது. அதனால்தான். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

16ஆம் தேதி ஒரே நேரத்தில் இரண்டு சண்டைகள். லின்யியில் நெப்போலியன் புளூகரைத் தோற்கடித்தார். அதற்கு மேற்கே, கத்ர ப்ரா என்ற நாற்சந்தியில், நெப்போலியனின் தளபதி மார்ஷல் நே வெலிங்டனோடு மோதினார், வெற்றி தோல்வி இல்லை. நடுவில் டெர்லோன் என்ற பிரெஞ்சுத் தளபதியின் கீழ் சுமார் 20,000 பேர் கொண்ட படை ஒன்று. அதை லின்யிக்கு வா என்று ஒரு கட்டளை இழுத்தது, கத்ர ப்ராவுக்குத் திரும்பு என்று இன்னொரு கட்டளை இழுத்தது. இரண்டு களத்திலும் ஒரு குண்டுகூடச் சுடாமல் அன்றைய பகல் முழுக்க நடந்தே கழித்தது அந்தப் படை. அது எந்தப் பக்கம் போயிருந்தாலும் அந்தப் பக்கத்தின் கதை மாறியிருக்கும்.

தோற்ற பிரஷ்யர்கள் கிழக்கே, தங்கள் உணவும் வெடிமருந்தும் வருகிற வழியில் பின்வாங்குவதுதான் இயல்பு. புளூகர் குதிரைக்கு அடியில் சிக்கிக் காயப்பட்டுக் கிடந்தார். அப்போது அவருக்கு வயது 72. அவர் இல்லாத நேரத்தில் படை நிர்வாகத் தலைவர் க்னைசனவ் வடக்கே, வாவ்ர் ஊரை நோக்கிப் பின்வாங்கச் சொன்னார். வாவ்ரிலிருந்து வாட்டர்லூ களம் சுமார் 15 கிலோமீட்டர். அதாவது தோற்று ஓடிய படை, நண்பன் இருக்கும் பக்கமாகவே ஓடியது. நெப்போலியனோ அவர்கள் கிழக்கேதான் போயிருப்பார்கள் என்று நம்பி 17ஆம் தேதி காலைப்பொழுதை வீணாக்கினார். ‘மோன் சான் ஜானில் நில்லுங்கள், நாங்கள் வருகிறோம்’ என்று புளூகர் கொடுத்த உறுதியை நம்பித்தான் வெலிங்டன் அங்கே நிற்கவே சம்மதித்தார்.

5. ராத்திரி மழை பெய்யலேன்னா நெப்போலியன் ஜெயிச்சிருப்பார்ங்கிறாங்களே?

மழை ஒரு காரணம், அது மட்டுமே காரணம் இல்லை. 17ஆம் தேதி பிற்பகல் தொடங்கிய மழை இரவெல்லாம் கொட்டியது. அதன் முதல் விளைவு பீரங்கியில். அன்றைய பீரங்கிக் குண்டுகளில் பெரும்பாலானவை வெடிக்காதவை, வெறும் இரும்புருண்டை. காய்ந்த தரையில் விழுந்தால், குளத்தில் எறிந்த தட்டைக்கல் தத்துவதுபோல், தத்தித் தத்திப் போய் வழியில் நிற்பவர்களை எல்லாம் வெட்டிச் சாய்க்கும். சேற்றில் விழுந்தால் அங்கேயே புதைந்துவிடும். பீரங்கி வண்டியை நகர்த்துவதும், ஒவ்வொரு முறை சுட்டபின் பின்னுக்குப் போன பீரங்கியைத் தள்ளி இடத்தில் நிறுத்துவதும் சேற்றில் பெரும்பாடு.

தரை கொஞ்சம் காயட்டும் என்று காத்திருந்ததால் சண்டை தொடங்கவே ஏறக்குறைய 11:30 ஆனது. ஆனால் தாமதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை: பிரெஞ்சுப் படையில் ஒரு பகுதி இரவைப் பின்னால் உள்ள ஊர்களில் கழித்துவிட்டு, காலையில்தான் களத்துக்கு வந்துகொண்டிருந்தது. தரை காய்ந்தே இருந்தாலும் விடியலிலேயே தாக்கியிருக்க முடியாது. இன்னொன்று, அதே சேறுதான் வாவ்ரிலிருந்து வந்த பிரஷ்யர்களையும் தாமதப்படுத்தியது. மழை ஒரு பக்கத்துக்கு மட்டும் பெய்யவில்லை.

இந்தோனேசியாவில் 1815 ஏப்ரலில் வெடித்த தம்போரா எரிமலைதான் இந்த மழைக்குக் காரணம் என்று ஒரு பேச்சு உலவுகிறது. 1816இல் ஐரோப்பாவில் கோடையே வராமல் போனதற்கு அந்த எரிமலை காரணம். 1815 ஜூன் மழையை அதன் தலையில் கட்டுவதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

6. அந்தக் காலத்துத் துப்பாக்கியை எப்படிச் சுடுவாங்க? ஒரு தடவை சுட எவ்வளவு நேரம் ஆகும்?

தோட்டா என்றதும் பித்தளைக் குப்பியை நினைக்க வேண்டாம். காகிதச் சுருள், உள்ளே கரிமருந்து, முனையில் ஈயக் குண்டு. அதுதான் அன்றைய தோட்டா. சிப்பாய் இடுப்புப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் பல்லால் கடித்துக் கிழிப்பான். மருந்தில் சிட்டிகை அளவை துப்பாக்கியின் பக்கவாட்டில் உள்ள சின்னக் கிண்ணியில் கொட்டி மூடுவான். அடிக்கட்டையைத் தரையில் ஊன்றி, மீதி மருந்தைக் குழல்வாயில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் உள்ளே தள்ளி, கஜக்கோல் என்கிற இரும்புக் கம்பியால் குத்திக் கெட்டிப்பான். கம்பியை அதன் இடத்தில் செருகி, சக்கிமுக்கிக்கல் பொருத்திய ‘குதிரை’ என்ற இரும்புக் கொக்கியைப் பின்னுக்கு இழுத்து, தூக்கிச் சுடுவான். கல் உருக்கில் உரசிப் பொறி பறக்க, கிண்ணி மருந்து பற்றி, சிறு துளை வழியாக நெருப்பு குழலுக்குள் போகும். தேர்ந்தவன் நிமிடத்துக்கு 3 முறை சுடுவான். சண்டை மும்முரத்தில் 2 என்றாலே நல்ல கணக்கு.

கெடக்கூடிய இடங்கள் ஏராளம். கல் மழுங்கினால் பொறி வராது. கரி படிந்து துளை அடைத்தால் கிண்ணி மட்டும் எரிந்து குழல் வெடிக்காது. அவசரத்தில் கஜக்கோலைக் குழலிலேயே விட்டுச் சுட்டுவிட்டால் அம்புபோல் அது பறந்துபோகும், அதற்குப் பிறகு கெட்டிக்கக் கம்பி கிடையாது. மருந்து நனைந்தால் எல்லாமே வீண். 18ஆம் தேதி காலையில் இரண்டு பக்கமும் துப்பாக்கிச் சத்தம் படபடவென்று கேட்டது. அது சண்டை அல்ல. இரவு மழையில் நனைந்த துப்பாக்கிகளைச் சுட்டுக் காலி செய்து துடைத்துக்கொண்டிருந்தார்கள். வாயில் மருந்து பட்டுப் பட்டு உப்புக் கரிப்பும் தாகமும் வேறு.

குழல் வழவழப்பாக இருப்பதாலும், குண்டு சீக்கிரம் இறங்கட்டும் என்று சற்றுச் சின்னதாக வார்ப்பதாலும் குறி தவறும். 100 மீட்டருக்கு அப்பால் ஒரு தனி ஆளைக் குறிபார்த்துச் சுடுவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டதற்குக் காரணம் இதுதான், முட்டாள்தனம் அல்ல.

7. வெலிங்டன் ஆளுங்க மேட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சு படுத்துக்கிட்டாங்களாம். அது கோழைத்தனம் இல்லையா?

புத்திசாலித்தனம். கிழக்கு மேற்காக ஓடும் ஒரு தாழ்வான மேடு அங்கே இருக்கிறது. பீரங்கிகளையும் முன்னோடிச் சுடுநர்களையும் மட்டும் மேட்டின் மேல் விட்டு, பெரும்பாலான காலாட்படையை அதன் பின்சரிவில் நிறுத்தினார், குண்டுமழையின்போது படுக்கவும் சொன்னார். பிற்பகல் ஒரு மணி வாக்கில் ஏறத்தாழ 80 பீரங்கிகளை ஒரே இடத்தில் குவித்துச் சுட்டார் நெப்போலியன். எதிரியின் பெரும்பகுதி கண்ணில் படவே இல்லை. பின்சரிவும் சேறும் சேர்ந்து அந்த நெருப்பின் வீரியத்தை உறிஞ்சிக்கொண்டன.

இதில் இன்னொரு லாபம் உண்டு. மேடேறி வருகிறவனுக்கு மேட்டுக்குப் பின்னால் எத்தனை பேர், எந்த வடிவில் நிற்கிறார்கள் என்பது உச்சிக்கு வரும்வரை தெரியாது. தெரியும்போது 50 மீட்டரில் முழுச் சுடுவரிசை எழுந்து நிற்கும்.

8. ஒரு பண்ணைவீட்டுக்காக நாள் முழுக்க அடிச்சுக்கிட்டாங்களே, அதுல அப்படி என்ன இருக்கு?

இரண்டு பண்ணைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். வெலிங்டனின் வலப்பக்கம் முன்னால் இருந்தது ஹூகுமோன். மதில், தோட்டம், சிறு காடு எல்லாம் உண்டு. பிடித்தால் வெலிங்டனின் வரிசையைப் பக்கவாட்டில் சுடலாம். பிரெஞ்சுக்காரர்கள் அதைத் திசைதிருப்பும் தாக்குதலாகத்தான் தொடங்கினார்கள், பிறகு விடமுடியாமல் ஆயிரக்கணக்கான ஆட்களை அதிலேயே இறக்கினார்கள். ஒருமுறை லெக்ரோ என்ற அதிகாரி கோடாரியால் வடக்கு வாசலைப் பிளந்துகொண்டு ஆட்களோடு உள்ளே புகுந்துவிட்டார். மெக்டோனல் என்ற அதிகாரியும் சிலரும் தோள்கொடுத்துக் கதவைத் தள்ளி மூடி, உள்ளே மாட்டியவர்களை முடித்தார்கள். ஹூகுமோன் கடைசிவரை விழவில்லை.

நடுவில், பிரஸ்ஸல்ஸ் நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது லா ஏ சாந்த். அங்கே மேஜர் பாரிங் தலைமையில் மன்னரின் ஜெர்மன் படையைச் சேர்ந்த சுமார் 400 பேர். முந்தின இரவு குளிருக்கு விறகில்லாமல் களஞ்சியக் கதவையே எரித்துவிட்டிருந்தார்கள். மறுநாள் கதவில்லாத வாசலைப் பிணங்களை வைத்து அடைக்க வேண்டியதாயிற்று. அதைவிட மோசம் தோட்டா. அவர்களிடம் இருந்தது வரிக்குழல் துப்பாக்கி, அதாவது ரைபிள். சாதாரணத் துப்பாக்கியின் குண்டு அதற்குச் சேராது. பாரிங் பலமுறை கேட்டும் தோட்டா வரவில்லை. மாலை 6 மணியை ஒட்டி பண்ணை விழுந்தது. அதன்பின் பிரெஞ்சுக்காரர்கள் பீரங்கியை அருகில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வெலிங்டனுக்கு அன்று மிக ஆபத்தான நேரம் அதுதான். வீரத்தைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது, வந்துசேராத தோட்டா வண்டியைப் பற்றி எழுதியது குறைவு.

9. குதிரைப்படை வந்தா சதுரமா நிப்பாங்களாமே? குதிரை ஏறி மிதிச்சா உடையாதா?

உடையாது, காரணம் குதிரை. வரிசையாக நிற்கும் காலாட்படையைக் குதிரைப்படை பக்கவாட்டிலோ பின்னாலோ வந்து சிதறடித்துவிடும். அதனால் பின்பக்கமே இல்லாத வடிவம் ஒன்று வேண்டும். ஒரு பட்டாலியனில் 500 பேர் என்று வையுங்கள். நான்கு பக்கம், பக்கத்துக்கு 125 பேர், நாலு வரிசை ஆழம். ஒரு பக்கத்தின் முகப்பில் சுமார் 30 பேர் தோளோடு தோள் நின்றால் 18 மீட்டர்கூட இராது. ஒரு கல்யாண மண்டபத்துக்குள் அடங்கிவிடும். முன்வரிசைகள் மண்டியிட்டு, துப்பாக்கியைத் தரையில் ஊன்றி, அதன் முனையில் செருகிய பயனெட் கத்தியைக் குதிரையின் மார்பு உயரத்துக்குச் சாய்த்துப் பிடிக்கும். பின்வரிசைகள் சுடும். நடுவெளியில் கொடி, அதிகாரிகள், காயப்பட்டவர்கள்.

மனிதனை மிதிக்கலாம் என்று குதிரைக்குச் சொல்லிக்கொடுக்கலாம். கூர்முனைகளால் ஆன சுவரில் போய் முட்டு என்றால் அது முட்டாது, பக்கவாட்டில் விலகி ஓடும். சதுரம் உடைய வேண்டுமானால் உள்ளே இருப்பவர்கள் பயந்து ஓட வேண்டும், அல்லது சுட்டு வீழ்த்தப்பட்ட குதிரை வந்த வேகத்தில் அவர்கள்மேல் விழுந்து வழி உண்டாக்க வேண்டும். 1812இல் ஸ்பெயினில், கார்சியா எர்னாண்டஸில், அப்படித்தான் ஒரு பிரெஞ்சுச் சதுரம் உடைந்தது. வேகமும் முக்கியம். வாட்டர்லூவில் சேற்று மேட்டில், இரண்டு பண்ணைகளுக்கு நடுவில் ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத இடைவெளியில், நெருக்கியடித்துக்கொண்டு வந்த குதிரைகள் ஓட்டநடைக்கு மேல் போகவே முடியவில்லை.

சதுரத்துக்கு எமன் குதிரையல்ல, பீரங்கி. நெருக்கமாக நிற்பதால் ஒரு குண்டு பல பேரைக் கொண்டுபோகும். லா ஏ சாந்த் விழுந்தபின், அதன் அருகே சதுரமாக நின்ற 27ஆம் அயர்லாந்து ரெஜிமென்ட்டின் பட்டாலியன் சுமார் 750 பேரில் 450க்கும் மேற்பட்டோரை இழந்தது, பெரும்பாலும் நின்ற இடத்திலேயே.

10. அப்போ மார்ஷல் நே பீரங்கியும் காலாட்படையும் இல்லாம வெறும் குதிரையை ஏன் அனுப்பினார்?

4 மணி வாக்கில் வெலிங்டனின் மேட்டில் காயப்பட்டவர்களும் வண்டிகளும் பின்னால் போவதைப் பார்த்து, எதிரி பின்வாங்குகிறான் என்று நே தப்பாக எடுத்துக்கொண்டார் என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். தொடக்கத்தில் கொஞ்சம் பேர், பிறகு அலையலையாக, கடைசியில் 9,000 அளவுக்குக் குதிரைவீரர்கள் உள்ளே போனார்கள்.

வழக்கமான வேலைமுறை இது: குதிரையைக் காட்டிச் சதுரமாக நிற்கவைப்பது, உடனே பீரங்கியை முன்னே கொண்டுவந்து சதுரத்தை அடிப்பது, பிறகு காலாட்படையால் முடிப்பது. நே முதல் படியை மட்டும் திரும்பத் திரும்பச் செய்தார். அதைவிட வருத்தம், ஒவ்வொரு முறையும் பிரிட்டிஷ் பீரங்கிகள் அவர்கள் கைக்கு வந்தன. பீரங்கிக்காரர்கள் சதுரத்துக்குள் ஓடிவிடுவார்கள், பீரங்கி அங்கேயே நிற்கும். பற்றவைக்கும் துளையில் கொண்டையில்லாத ஓர் ஆணியை அறைந்து முறித்துவிட்டால் அந்தப் பீரங்கி அன்றைக்கு உதவாது. ஆணியும் சுத்தியலும் கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை. குதிரைகள் திரும்பியதும் பீரங்கிக்காரர்கள் ஓடிவந்து மறுபடி சுட்டார்கள்.

மேட்டில் இருந்த பள்ளச் சாலையில் குதிரைப்படை குவியலாக விழுந்து மடிந்தது என்பது ஒரு பிரபலமான நாவல் பரப்பிய காட்சி. பள்ளச் சாலை இருந்தது உண்மை. படையையே விழுங்கும் பாதாளமாக அது இருக்கவில்லை.

11. கிரூஷி மட்டும் பீரங்கிச் சத்தம் கேட்டதும் திரும்பியிருந்தா கதை மாறியிருக்குமா?

மார்ஷல் கிரூஷி சுமார் 33,000 பேரோடு பிரஷ்யர்களைத் துரத்த அனுப்பப்பட்டவர். 18ஆம் தேதி நண்பகலை ஒட்டி வாலேன் என்ற ஊரில் சாப்பாட்டில் இருந்தபோது பீரங்கி முழக்கம் கேட்டது. அவருக்குக் கீழிருந்த ஜெரார் சத்தம் வரும் திசைக்குப் போகலாம் என்று வற்புறுத்தினார். கிரூஷி மறுத்து, தனக்கு இட்ட கட்டளைப்படி வாவ்ர் பக்கமே போனார்.

வரைபடத்தை எடுத்து அளந்து பார்த்தால் கோபம் கொஞ்சம் தணியும். வாலேனிலிருந்து களம் 20 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் பெருக்கெடுத்த டீல் ஆறு, குறுகிய பாலங்கள், சேற்றுப்பாதை. பியூலோவின் பிரஷ்யப் படை அதைவிடக் குறைந்த தொலைவையே கடக்க விடியலிலிருந்து மாலை நாலரை வரை எடுத்துக்கொண்டது. கிரூஷி உடனே கிளம்பியிருந்தாலும் இருட்டுவதற்குள் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது. தப்பு முந்தின நாளிலேயே இருக்கிறது (4ஆம் பதில்): தாமதமாக, தவறான திசையில், தெளிவில்லாத கட்டளையோடு அனுப்பப்பட்டார். அனுப்பியவர் தோற்றபின் கிரூஷியின் பெயரைச் சொல்வது சுலபமாக இருந்தது.

12. கடைசியில ஜெயிச்சது வெலிங்டனா, புளூகரா?

இருவரில் ஒருவர் இல்லாவிட்டால் மற்றவரும் இல்லை. பிற்பகல் ஒரு மணிக்கே கிழக்கே தொலைவில் ஒரு படை நெப்போலியன் கண்ணில் பட்டுவிட்டது. பிடிபட்ட பிரஷ்யக் குதிரைவீரன் ஒருவன் மூலம் அது பியூலோவின் படை என்றும் தெரிந்துவிட்டது. அந்த நிமிடத்திலிருந்து அவர் இரண்டு சண்டை போட்டார். முதலில் லோபோவின் படையை வலப்பக்கம் திருப்பினார், பிறகு ப்ளான்ஸ்னுவா கிராமத்தைக் காக்க தன் சிறப்புக் காவற்படையின் ஒரு பிரிவான இளம் காவற்படையை, அதன்பின் பழைய காவற்படையில் இரண்டு பட்டாலியன்களை அனுப்பினார். அந்தக் கிராமம் பலமுறை கைமாறியது. லா ஏ சாந்த் விழுந்து வெலிங்டனின் நடுப்பகுதி ஆடியபோது நே கூடுதல் ஆட்கள் கேட்டார். நெப்போலியனிடம் கொடுக்க ஆள் இல்லை, காரணம் ப்ளான்ஸ்னுவா.

பிரிட்டிஷ் புத்தகங்கள் நெடுங்காலம் பிரஷ்யர்களை ஓரத்தில் நிறுத்தின. ஜெர்மானியப் புத்தகங்கள் பதிலுக்கு வெலிங்டனை ஓரத்தில் நிறுத்தின. நாளெல்லாம் நின்றவன் நின்றதால்தான், வருகிறவன் வந்ததற்குப் பயன் இருந்தது.

13. பழைய காவற்படை கடைசி ஆள்வரைக்கும் சரணடையாம செத்ததுன்னு படிச்சேனே?

இரவு 7:30 வாக்கில் மேடேறிய கடைசித் தாக்குதலில் போனவை பெரும்பாலும் நடுக் காவற்படையின் பட்டாலியன்கள். பழைய காவற்படையின் பல பட்டாலியன்கள் பின்னால் நின்று, ஓட்டத்தை மூடிமறைக்க உதவின. மேட்டின் பின்னால் படுத்திருந்த மெய்ட்லண்டின் பிரிட்டிஷ் காவல் பிரிவு எழுந்து நெருக்கத்தில் சுட்டது, கோல்போர்னின் 52ஆம் ரெஜிமென்ட் பக்கவாட்டில் திரும்பி அடித்தது. 7ஆம் பதிலில் சொன்ன அதே உத்திதான். காவற்படை பின்வாங்குகிறது என்ற குரல் பரவியதும், அதே நேரம் வெலிங்டன் வரிசையின் இடக்கோடியில் ஸீட்டனின் பிரஷ்யர்களும் வந்துசேர, பிரெஞ்சுப் படை கலைந்தது.

‘காவற்படை சாகும், சரணடையாது’ என்று தளபதி கம்ப்ரோன் முழங்கியதாகச் சொல்வார்கள். அவர் சாகவில்லை, பிடிபட்டார். அப்படிச் சொல்லவில்லை என்று பின்னர் அவரே மறுத்தார். உண்மையில் அவர் சொன்னது அச்சில் ஏற்ற முடியாத ஒற்றை வசைச்சொல் என்பது இன்னொரு கட்சி.

14. நெப்போலியனுக்கு அன்னிக்கு மூலநோய், குதிரையில உக்கார முடியலை, அதான் தோத்தார்னு சொல்றாங்களே?

அவருக்கு உடல்நலம் சரியில்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அதற்கான சாட்சியங்கள் பெரும்பாலும் பின்னாளில் எழுதப்பட்டவை, ஒன்றோடொன்று பொருந்துவதும் இல்லை.

ஆட்களைப் பற்றிப் பேசுவதே பயனுள்ளது. பல ஆண்டுகள் அவருடைய கட்டளைகளைத் தெளிவாக எழுதி அனுப்பிய பெர்த்தியே, 1815 ஜூன் 1 அன்று ஜெர்மனியின் பாம்பெர்கில் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்துபோனார். அந்த இடத்தில் சூல்ட்டை உட்காரவைத்தார். சூல்ட் நல்ல களத்தளபதி, அந்த எழுத்து வேலைக்குப் புதியவர். திறமைசாலியான தாவூவைப் பாரிஸில் விட்டுவிட்டு வந்தார். டெர்லோன் அலைந்ததையும் கிரூஷி குழம்பியதையும் இந்த வெளிச்சத்தில் பாருங்கள்.

15. ரோத்சைல்ட் முன்கூட்டியே செய்தி தெரிஞ்சுக்கிட்டு லண்டன் பங்குச்சந்தையில கோடி கோடியா சம்பாதிச்சாராமே?

வாட்ஸப்பில் ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும் கதை. லண்டன் வங்கியாளர் நாதன் ரோத்சைல்ட் போர்க்களத்தில் நின்று பார்த்துவிட்டு, புயலில் கடலைக் கடந்து லண்டன் போய்ப் பங்குகளை வளைத்தார் என்பது 1846இல் பாரிஸில் ‘சாத்தான்’ என்ற புனைபெயரில் வந்த யூத வெறுப்புத் துண்டுநூல் ஒன்றில் கிளம்பியது. அவர் களத்தில் இல்லவே இல்லை, லண்டனில் இருந்தார். வெலிங்டனின் படைக்குத் தங்க நாணயம் திரட்டி அனுப்பும் வேலையை எடுத்திருந்தவர் அவர். போர் சட்டென்று முடிந்தது அந்த வேலைக்கு இடைஞ்சல்தான்.

அதிகாரபூர்வச் செய்தியைக் கொண்டுபோனவர் மேஜர் ஹென்றி பெர்சி. கைப்பற்றிய இரண்டு பிரெஞ்சுக் கழுகுச் சின்னங்களோடு ஜூன் 21 இரவு லண்டன் சேர்ந்தார். ஞாயிறு நடந்த சண்டைக்கு புதன் இரவு செய்தி.

16. எத்தனை பேர் செத்தாங்க? ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு கணக்கு இருக்கே?

பெரும்பாலான குழப்பம் ஒரு சொல்லில் இருக்கிறது. பழைய பதிவுகள் இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் மூன்றையும் கூட்டி ‘இழப்பு’ என்று எழுதும். அதை மொழிபெயர்க்கிறவர்கள் எல்லோரையும் செத்தவர்களாக்கிவிடுகிறார்கள். அந்தக் கூட்டுக்கணக்கில் வெலிங்டன் தரப்பு சுமார் 17,000, பிரஷ்யர் சுமார் 7,000, பிரெஞ்சுத் தரப்பு சிறைப்பட்டவர் நீங்கலாக 25,000க்குக் குறையாது. பிரெஞ்சுப் படை சிதறி ஓடியதால் அதன் கணக்கை இனி யாரும் துல்லியமாக்க முடியாது. நேரங்களுக்கும் இதே கதி: பொதுவான கடிகாரமே இல்லாத காலம், ஒவ்வொருவர் சட்டைப்பை கடிகாரமும் ஒவ்வொரு மணி காட்டியது. இந்தப் பக்கத்தில் உள்ள எல்லா மணிக்கணக்கையும் அரைமணி முன்பின்னாக வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை பேர் இறந்த இடத்தில் அகழாய்வாளர்களுக்குக் கிடைத்த முழு எலும்புக்கூடுகள் மிகச் சில. எரித்தது ஒரு காரணம். பின்னாளில் எலும்புகளைத் தோண்டி, பீட் கிழங்குச் சர்க்கரை ஆலைகளில் சாற்றை வெளுக்க எலும்புக்கரியாக்கப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது அண்மைக்கால ஆய்வாளர்களின் முடிவு. இறந்த இளைஞர்களின் முன்பற்கள் பொய்ப்பற்களாயின. ‘வாட்டர்லூ பற்கள்’ என்றே அவற்றுக்குப் பெயர்.

17. வெலிங்டனுக்கும் நம்ம ஊருக்கும் ஏதோ தொடர்பு உண்டாமே?

உண்டு. ஆர்தர் வெல்லெஸ்லி என்ற பெயரில் 33ஆம் ரெஜிமென்ட்டோடு 1797இல் இந்தியா வந்தவர், அடுத்த ஆண்டு சென்னை. 1799இல் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட படையில் இருந்தார். அங்கே சுல்தான்பேட்டைத் தோப்பில் முன்கூட்டி நோட்டம் பார்க்காமல் இரவில் தாக்கி அடிவாங்கினார். இடத்தைக் கண்ணால் பார்க்காமல் ஆட்களை அனுப்புவதில்லை என்ற பழக்கம் அதன்பின் வந்தது. 1803இல் அஸ்ஸேயில் மராத்தியர்களை வென்றபோது அவரிடம் இருந்தவர்களில் மதராஸ் படைச் சிப்பாய்கள் கணிசம். காளைமாட்டு வண்டியையும் அரிசி மூட்டையையும் எண்ணிப் படை நடத்தக் கற்றதும் இங்கேதான். நீலகிரியில் குன்னூர் பக்கத்து வெலிங்டன் அவர் பெயர்தான்.

இன்னும் ஒரு சங்கதி. வாட்டர்லூவில் பிரிட்டிஷ் காலாட்படை ஏந்திய துப்பாக்கி ‘இந்தியா மாதிரி’ எனப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிப்பாய்களுக்காக மலிவாக, எளிதாகச் செய்வித்த வடிவம் அது. 1790களில் துப்பாக்கித் தட்டுப்பாடு வந்ததும் பிரிட்டிஷ் அரசு அதையே எடுத்துக்கொண்டது.

18. சரி, அன்னிக்கு ஜெயிச்சிருந்தா நெப்போலியன் பேரரசராவே இருந்திருப்பாரா?

சில மாதங்கள் கூடுதலாக இருந்திருக்கலாம். 3ஆம் பதிலைத் திரும்பப் பாருங்கள். ஷ்வார்ட்சன்பெர்க் தலைமையில் ஆஸ்திரியப் பெரும்படை ரைன் நதியை நோக்கி வந்துகொண்டிருந்தது, பின்னால் ரஷ்யப் படை. பிரான்ஸ் இருபது ஆண்டுப் போரில் களைத்திருந்தது, பாரிஸ் நாடாளுமன்றம் அவரை நம்பவில்லை. தோற்று நான்கே நாளில், ஜூன் 22 அன்று, பதவி விலகவைத்ததே அவர்கள்தான். ஜூலை 15இல் பிரிட்டிஷ் கப்பலில் சரணடைந்தார், 1821 மே 5 அன்று செயின்ட் ஹெலினா தீவில் இறந்தார்.

19. நேர்ல போய்ப் பார்க்கலாம்னு இருக்கேன். எங்கே நின்னா சண்டை புரியும்?

முதலில் 226 படி ஏறிச் சிங்கச் சிலை மேட்டின் உச்சிக்குப் போங்கள், முழுக் களமும் கண்ணுக்குள் அடங்கும். இவ்வளவு சின்ன இடமா என்று ஆச்சரியப்படுவீர்கள். ஆனால் ஏறி நிற்கிற குன்றே 1826இல் முடிந்த செயற்கை மேடு, நெதர்லாந்து இளவரசர் காயப்பட்ட இடத்தில் எழுப்பியது. அதற்கு வேண்டிய மண்ணை வெலிங்டனின் மேட்டிலிருந்தே வெட்டி எடுத்தார்கள். அதனால் 7ஆம் பதிலில் சொன்ன பின்சரிவு, சிலைக்கும் நெடுஞ்சாலைக்கும் இடையில் இன்று பழைய உயரத்தில் இல்லை.

பின்சரிவு எப்படி ஆளை மறைக்கும் என்று பார்க்க வேண்டுமானால் நெடுஞ்சாலையைத் தாண்டிக் கிழக்கே நடங்கள், டெர்லோனின் படை மேடேறிய பக்கம். அங்கே நிலம் அதிகம் வெட்டப்படவில்லை. மேட்டின் மேல் ஓடும் சாலையிலிருந்து வடக்கே சரிவில் கொஞ்சம் இறங்கி, திரும்பித் தெற்கே பாருங்கள். பிரெஞ்சுக்காரர்கள் நின்ற பக்கம் மறைந்து, மேட்டின் விளிம்பும் வானமும்தான் தெரியும். ஹூகுமோனின் மதிலில் துப்பாக்கி நீட்டக் குடைந்த ஓட்டைகளைத் தவறவிடாதீர்கள். ப்ளான்ஸ்னுவாவுக்குப் பலர் போவதே இல்லை. போய், அங்கிருந்து லா பெல் அலியான்ஸ் வரை நடந்து பாருங்கள். பிரஷ்யர்கள் நெப்போலியனின் முதுகுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்திருந்தார்கள் என்பது அரைமணி நேர நடையில் காலுக்கே தெரிந்துவிடும்.